களிமண்ணின் கேள்வி

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து ஊருக்குள் வந்தபோது எமக்குப் பதினான்கு வயது. வடமராட்சிக் கிழக்கின் கரையோரக் கிராமங்கள் பல அன்று காலை சிறுபொழுதுக்குள் அழிந்தன. இலங்கை முழுவதிலும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பிய குடும்பங்களுள் எமதும் ஒன்று. பாடசாலையொன்றின் வகுப்பறைகளில், மேசைகளையும் வாங்குகளையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துப் பல வாரங்கள் வாழ்ந்தோம்.

அம்முகாமுக்கு ஒருநாள் பிரசங்கியார் ஒருவர் வந்தார். அரிசியும் சீனியும் பால்மாவும் கொண்டுவந்தார். அதன்பொருட்டு அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். பொருள்களைப் பங்கிட்டபின் முற்றத்து வேம்பின் கீழ் நின்று பேசினார். கரையோரத்தாரின் பாவம் நிரம்பிவிட்டதென்றும், ஆண்டவர் தமது நியாயத்தீர்ப்பைக் கடலின் கையில் ஒப்படைத்தாரென்றும், தப்பியவர்கள் தப்பியது அவருடைய தெரிவென்றும் கூறினார். முன்வரிசையில் ஒரு மூதாட்டி இருந்தார். பேரப்பிள்ளைகள் இருவரைக் கடலுக்குக் கொடுத்தவர். அவர் எழும்பாமலே கேட்டார்:

“தம்பி, என்ரை குஞ்சுகள் ரண்டும் ஆருக்கு என்ன பாவம் செய்ததுகள்?”

பிரசங்கியார் சற்றுத் தயங்கினார். பின்னர், “அது ஆண்டவருடைய சித்தம், அம்மா. குயவனைக் களிமண் கேள்வி கேட்கலாமோ?” என்றார்.

மூதாட்டி மறுமொழி சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் எமது சைவப் பெரியவர் ஒருவரும் வந்தார். அவரும் பொருள்கள் கொண்டுவந்தார், அவரும் பேசினார். முற்பிறப்பின் வினை இப்பிறப்பில் அலையாக வந்து தாக்கிற்று என்பது அவர் சொன்னதன் சாரம். இரண்டு உபதேசங்களுக்கும் சமயம் வேறாயினும் பயன் ஒன்றாகவே இருந்தது. இறந்தவர் குற்றவாளிகளாயினர், இருந்தவர் வாய்மூடினர்.

கிறிஸ்தவ இறையியலாளர் ‘கடவுளின் இறைமை’ என வழங்கும் கொள்கையை நாம் முதன்முதலிற் சந்தித்தது அந்த வேம்பின் கீழேயே. உலகை ஆள்பவர் கடவுள். தண்டிப்பதும் மீட்பதும் அவருடைய சித்தம். அச்சித்தத்தை விசாரிக்க மனிதனுக்கு உரிமையில்லை. இதுவே அக்கொள்கையின் முழுமை என நெடுங்காலம் எண்ணியிருந்தோம். தமிழ் பயின்றவர்க்கு அச்சொல்லே ஓர் எச்சரிக்கையாக அமையும். ‘இறை’ என்பது கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும், அரசனுக்குக் குடிகள் செலுத்தும் வரியையும் குறிக்கும். மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிய சமுதாயம் எத்தகையது என்பது பற்றிப் பல்கலைக்கழக நாட்களில் நண்பர்களோடு இரவிரவாக விவாதித்திருக்கிறோம். விவிலியத்தின் இறைவனும் விண்ணில் இருத்தப்பட்ட ஓர் அரசனே என்பது அக்காலத்து எமது முடிபு. 1844இல் வெளியான கட்டுரையொன்றில் மார்க்ஸ் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டதை அறிந்திருந்தோம். அதே பந்தியில் ஒடுக்கப்பட்டோரின் துயரக் குரலாகவும் அவர் அதனைக் கண்டார் என்பதை நின்று படிக்க எமக்குப் பொறுமை இருக்கவில்லை.

அம்முடிபு அசைந்தது 2019இல். அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களுள் வழிபாட்டில் இருந்தோர் மீதும், கொழும்பின் விடுதிகள் சிலவற்றின் மீதும் குண்டுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சில வாரங்களின் பின்னர் பாடசாலை மீண்டும் தொடங்கியது. உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தோம். ஊழ்வினை என்பது காப்பியத்தின் கட்டுக்கோப்பில் எவ்வாறு இயங்குகின்றது என விளக்கிய வேளையில், மீன்பிடிக் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சேர், கோயிலுக்குள்ளை கும்பிட்டுக்கொண்டு இருந்தவையையும் ஊழோ கொண்டது? இல்லாட்டி அது கடவுளின்ரை தீர்ப்போ?”

வகுப்பு அமைதியாயிற்று. “இது தமிழ்ப் பாடம், பிள்ளை. சமயபாட ஆசிரியரைக் கேளும்,” என்றோம். அவள் இருந்துவிட்டாள். தலையை மூடிக்கொள்ள அவளிடம் சேலைத் தலைப்பு இருக்கவில்லை. புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். பதினைந்து ஆண்டுகட்கு முன் ஒரு பிரசங்கியார் செய்ததையே நாமும் இப்போது செய்தோம் என்பது அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அவராவது ஒரு மறுமொழி சொன்னார். நாம் அதுவும் சொல்லவில்லை.

அவ்விரவே வேதாகமத்தை எடுத்தோம். எமது வீட்டில் அந்நூல் இருந்ததற்குக் காரணம் பக்தியன்று. தமிழ் உரைநடையின் வரலாறு. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புப் பணியில் ஆறுமுக நாவலர் (1822-1879) பங்குகொண்டவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அத்தொடர்பின் நிமித்தம் மாணவப் பருவத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் பிற்காலத்துப் பதிப்பொன்றை வாங்கி வைத்திருந்தோம். சொல்லாட்சிக்காகப் புரட்டிய நூலை அன்றுதான் பொருளுக்காகத் திறந்தோம். முதலில் தேடியது குயவனை.

குயவனும் களிமண்ணும் விவிலியத்தில் ஓரிடத்தில் மட்டும் வருபவையல்ல. அவற்றுள் விரிவானது எரேமியாவின் 18ஆம் அதிகாரம். எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்வதற்கு முந்திய காலம் அது. எரேமியா குயவன் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றார். குயவன் சக்கரத்தில் வனைந்துகொண்டிருக்கிறான். கையிலிருக்கும் பாண்டம் கெட்டுப்போகின்றது. அவன் அந்த மண்ணை வீசி எறியவில்லை. அதே மண்ணை மீண்டும் திரட்டி வேறொரு பாண்டம் வனைகின்றான். இக்காட்சிக்குக் கடவுள் கூறும் விளக்கம் எம்மைத் திடுக்கிட வைத்தது. ஒரு தேசத்தை அழிப்பேன் என்று அவர் அறிவித்தபின்னும் அத்தேசம் தீமையை விட்டுத் திரும்புமாயின் தமது தீர்ப்பை மாற்றிக்கொள்வாராம். வாழ்விப்பேன் என்று அறிவித்த தேசம் தீமை செய்யுமாயின் அந்த வாக்கையும் மீட்டுக்கொள்வாராம். அவ்வாறாயின், குயவனின் அதிகாரம் என்பது முன்கூட்டியே எழுதிவைத்த விதியன்று. கெட்ட பாண்டம் கெட்டதாகவே முடியவேண்டியதில்லை என்பதே அவ்வதிகாரத்தின் உட்பொருள்.

அடுத்த அதிகாரத்தில் எரேமியா சுட்ட மண்கலசம் ஒன்றை வாங்கி, நகரத்துப் பெரியோர் காண உடைக்கின்றார். ஈர மண்ணை மீள வனையலாம். சுட்டு இறுகிய கலத்தை ஒட்ட முடியாது. இறுகியவர் யார்? நகரத்தின் அரசரும் மூப்பரும் குருமாருமே. அவ்வாறு சொன்னமைக்காக எரேமியாவை ஆலயத்து அதிகாரியொருவன் அடிப்பித்துத் தொழுமரத்தில் மாட்டினான் என்று நூல் கூறுகின்றது. பிள்ளையை இழந்த ஒரு கிழவியின் முன் அந்த உவமை அங்கே சொல்லப்படவில்லை. அதிகாரத்தில் இருந்தோரின் முன் சொல்லப்பட்டது. சொன்னவனுக்குப் பரிசாக அடி கிடைத்தது.

பிரசங்கியார் எடுத்தாண்டது எரேமியாவையன்று, பவுலை என்று ஒருவர் கூறலாம். உண்மையே. கி.பி. 57ஆம் ஆண்டளவில் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில், வனைந்தவனை எதிர்த்துக் கேட்க வனையப்பட்டது யார் என்னும் கருத்தைப் பவுல் முன்வைக்கின்றார். கல்வீன் முதலானோர் தெரிந்தெடுப்புக் கொள்கையை எழுப்பிய மூலைக்கற்களுள் அதுவும் ஒன்று. ஆயின் அந்த அதிகாரம் தனித்து நிற்பதன்று. 11ஆம் அதிகாரத்தின் முடிவுவரை செல்லும் ஒரே வாதத்தின் தொடக்கம் அது. பவுலின் முன் நின்ற பிரச்சினை, தனிமனிதருள் எவர் நரகம் செல்வர், எவர் மோட்சம் செல்வர் என்பதன்று. யூதரல்லாதோரைக் கடவுள் சேர்த்துக்கொள்ள முடியுமா, யூதரைக் கைவிட்டுவிட்டாரா என்பதே பிரச்சினை. ஒரு சாராரின் பிறப்புரிமைக்கு எதிராகவே கடவுளின் சுதந்திரத்தை அவர் எழுப்புகின்றார். பின்னர் மறுசாராரை நோக்கித் திரும்பி, ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளையாகிய நீங்கள் முறிந்த கிளைகளைப் பார்த்துப் பெருமை பாராட்டாதீர்கள் என எச்சரிக்கின்றார். எல்லார் மேலும் இரக்கம் காட்டுவதே கடவுளின் நோக்கம் என்று வாதம் முடிகின்றது. இரக்கத்தில் முடியும் வாதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கி, இரக்கம் வேண்டி நிற்பவரின் வாயை அடைக்கலாமா?

இவ்விடத்தில் ‘தீர்ப்பு’ என்னும் சொல்லையும் நோக்குதல் வேண்டும். எபிரேய மொழியில் ‘மிஷ்பாத்’ என்னும் சொல் தீர்ப்பையும் குறிக்கும்; நீதியையும் குறிக்கும். நியாயாதிபதிகள் என்னும் ஆகமத்தில் வருவோர் பெரும்பாலும் வழக்குக் கேட்டவர்களல்லர். அந்நியரின் நுகத்திலிருந்து மக்களை விடுவித்தவர்கள். வழக்கைக் கேட்பார் இல்லாத கைம்பெண்ணுக்கும் கூலி மறுக்கப்பட்டவனுக்கும் நீதிபதி வருகின்றார் என்பது அச்சமூட்டும் செய்தியன்று, நற்செய்தி. எமது மொழியிலும் தீர்ப்பு, தீர்வு ஆகிய இரண்டும் ‘தீர்’ என்னும் ஒரே அடியிற் பிறந்தவையே.

பார்வோனின் கதையில் இது தெளிவாகின்றது. எகிப்தில் அடிமைகள் செங்கல் அறுக்கின்றனர். ஓய்வு கேட்டமைக்குத் தண்டனையாக அரசன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகின்றான். வைக்கோலையும் அவர்களே தேடவேண்டும், செங்கற்கணக்கும் குறையக்கூடாது. தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கூலி பெற்ற எமது மலையக மக்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. அந்த அரசனின் இதயத்தைக் கடவுளே கடினப்படுத்தினார் என்று நூல் கூறுவதுதான் படிப்போரை இடறவைப்பது. தொடக்கத்திலேயே கடவுள் அவ்வாறு செய்யப்போவதாகக் கூறுவதும் உண்மை. எனினும் முதல் ஐந்து வாதைகளிலும் பார்வோனின் இதயம் கடினமாயிற்று என்றோ, அவனே அதைக் கடினப்படுத்தினான் என்றோதான் சொல்லப்படுகின்றது. ஆறாவது வாதையிலேதான் கடவுள் அதைக் கடினப்படுத்தினார் என்ற வாசகம் நிகழ்ச்சியாக வருகின்றது. திரும்பத் திரும்ப ‘இல்லை’ என்று சொல்லிப் பழகியவனுக்கு ஒரு கட்டத்தில் ‘ஆம்’ என்று சொல்லும் ஆற்றலே அற்றுப்போகின்றது. அதிகாரத்தின் இவ்வியல்பை வரலாற்றில் நாமும் கண்டிருக்கிறோம். அடிமைகளை விடுவித்த தீர்ப்பும் பார்வோனை வீழ்த்திய தீர்ப்பும் இரண்டல்ல. ஒரே தீர்ப்பின் இரண்டு முகங்கள்.

எனினும், தீர்ப்பு எப்போதும் அந்நியன் மேலேயே விழும் என்று எவரும் மகிழ்ந்திருக்க விவிலியம் இடந்தரவில்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெக்கோவா ஊரைச் சேர்ந்த ஆமோஸ் என்னும் மந்தை மேய்ப்பன் வடநாட்டுக்குச் சென்று பேசுகின்றான். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என அயல்நாடுகளின் குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்குகின்றான். கேட்டவர்கள் தலையாட்டியிருப்பர். அடுத்துத் தனது யூதாவையும், இறுதியிற் கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலையும் அதே கூண்டில் ஏற்றுகின்றான். குற்றச்சாட்டு யாது? ஏழையை ஒரு சோடிப் பாதரட்சையின் விலைக்கு விற்றமை. இது அரசனின் ஆலயம், இங்கே பேசாதே எனப் பெத்தேலின் குரு அவனை விரட்டுகின்றான். கடவுளுக்கு மேலாக அரசனுக்கு இறைமை கொடுத்த வாக்கு அது.

தீர்ப்பு சொந்த வீட்டுக்குள் வருவதைப் போலவே, மீட்பு பகைவன் வீட்டுக்கும் போகின்றது. யோனாவின் கதை நான்கே அதிகாரங்கள். நினிவே அசீரியரின் நகரம், கி.மு. 722 அளவில் வட இஸ்ரவேலை அழித்த பேரரசு அது. இன்னும் நாற்பது நாளில் அந்நகரம் அழியும் என்று அறிவிக்க யோனா அனுப்பப்படுகின்றான். நகரம் மனந்திரும்புகின்றது, கடவுள் அழிக்கவில்லை. தீர்க்கதரிசிக்குக் கோபம். தன் சொல் பொய்த்ததே என்பது மட்டுமன்று; இரக்கம் தவறான முகவரிக்குச் சென்றதே என்பது. அவனுக்கு நிழல் தந்த ஆமணக்கு ஒரே நாளில் வாடியபோது அதற்காக இரங்குகின்றான். வலக்கை இடக்கை அறியாத இலட்சத்து இருபதினாயிரம் மக்களும், கூடவே மிருகங்களும் உள்ள நகரத்துக்காக நான் இரங்கக்கூடாதா என்னும் கருத்தில் கடவுள் அவனைக் கேட்பதோடு நூல் நின்றுவிடுகின்றது. யோனாவின் மறுமொழி அதில் இல்லை. எவரை மீட்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எமது வெறுப்பிடம் இல்லை என்பதே இங்கு கடவுளின் இறைமைக்குப் பொருள்.

இனி, களிமண் கேள்வி கேட்கலாமா என்பதற்கு வருவோம். விவிலியம் முழுவதும் மனிதர் கேட்டுக்கொண்டேயிருக்கின்றனர். சோதோம் அழியப்போகின்றது என அறிந்த ஆபிரகாம், நீதிமான்கள் ஐம்பது பேர் இருப்பின் காப்பீரா எனத் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று சந்தையில் விலை பேசுபவன்போல் இறங்கி வருகின்றான். ஒவ்வொரு முறையும் கடவுள் இசைகின்றார். பொன் கன்றுக்குட்டியின் நிமித்தம் மக்களை அழிக்க நினைத்தபோது மோசே வாதாடி அத்தீர்ப்பை மாற்றுவிக்கின்றான். யோபுவோ தான் குற்றமற்றவன் என்று கடவுளின் மேலேயே வழக்கு வைக்கின்றான். துன்பம் வந்ததால் குற்றம் இருந்தே தீரவேண்டும் என நண்பர்கள் மூவர் அவனுக்குப் போதிக்கின்றனர். முகாமில் நாம் கேட்ட உபதேசங்கள் இரண்டும் அவர்களுடைய உபதேசங்களே. யோபுவுக்குக் கடவுள் புயலிலிருந்து கடுமையாகவே பேசுகின்றார். அவனது அறிவின் எல்லையைக் காட்டுகின்றார். ஆனால் நூலின் இறுதியில், தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுவே என்றும், நண்பர்கள் அவ்வாறு பேசவில்லை என்றும் தீர்ப்பளிக்கின்றார். கடவுளுக்காக வாதாடியவர்கள் தோற்றனர். கடவுளோடு வாதாடியவன் வென்றான்.

ஊழுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே என எமக்குத் தோன்றுகின்றது. ஊழுக்குச் செவியில்லை. கண்ணகி வழக்குரைத்தது பாண்டியனிடம், ஊழிடமன்று. விவிலியத்தின் இறைவனிடமோ வழக்குரைக்கலாம். இச்செய்தி சைவ மரபில் வளர்ந்த எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இறைவனின் தண்டிப்பையும் மறக்கருணை எனக் கருணையின் ஒரு வகையாகவே சித்தாந்திகள் கொண்டனர். தண்டனையே கருணைக்காக என்று கொண்ட மரபில் வந்த பெரியவர், அன்று முகாமில் கருணையை விட்டுத் தண்டனையை மட்டும் எமக்குக் கொண்டுவந்தார்.

கொள்கைகள் வானத்திலிருந்து இயங்குவதில்லை. அவற்றைக் கையில் எடுப்போர் யார் என்பதே வரலாற்றில் முக்கியமானது. தென்னாபிரிக்காவின் வெள்ளையர், தம்மை வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட மக்களாகக் கருதிக்கொண்டனர். அங்குள்ள டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை 1857இலேயே நிறத்தின்படி வெவ்வேறாக வழிபட இடமளித்தது. பின்னர் 1948இல் அரச கொள்கையான நிறவெறிக்கும் அது துணைநின்றது. அதே கல்வீனிய மரபின் கறுப்பின, கலப்பினக் கிறிஸ்தவர்களே 1982இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்தனர். மக்களைப் பிரித்துவைப்பதைச் சமயத்தால் நியாயப்படுத்தும் போதனையை அது நிராகரித்தது. ஜேர்மனியில் 1934 மே மாத இறுதியில் வெளியான பார்மன் பிரகடனமும் இத்தகையதே. திருச்சபைக்கு வேறெந்தத் தலைவனும் இல்லை என்று அது கூறியபோது, எல்லாவற்றுக்கும் தலைவனாகத் தன்னைக் காட்டிக்கொண்ட ஹிட்லரின் அரசுக்கு அச்சொல் சுட்டது. அதனை வரைந்தோருள் முதன்மையான கார்ள் பார்த், ஹிட்லருக்கு நிபந்தனையற்ற சத்தியம் செய்ய மறுத்து 1935இல் பொன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பதவியை இழந்தார். எனினும் யூதர்மீது நடந்த கொடுமை பற்றி அப்பிரகடனம் வாய்திறக்கவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. கடவுளின் இறைமையை முழங்கியோரும் யாருக்காக முழங்குகிறோம் என்பதை மறந்துவிட முடியும்.

விவிலியத்தில் எமக்கு ஒவ்வாத பகுதிகள் பல உண்டு. கானானியரின் நகரங்களைச் சிறுவர் பெண்களோடு அழித்ததை அது கடவுளின் கட்டளையாகவே கூறுகின்றது. எகிப்தின் தலைப்பிள்ளைகள் இறந்த இரவில், சிறையிருந்தவனின் பிள்ளையும் இறந்தது. விடுதலையின் கதையிலும் பிஞ்சுகளின் பிணம் கிடக்கின்றது. அதனைச் சமாதானம் சொல்லிக் கடந்துபோக எம்மால் இயலாது.

பிறரை விசாரித்த நாம் எம்மையும் ஒருகணம் கூண்டில் நிறுத்துதல் முறை. பல்கலைக்கழகத்தில் எமது படிப்பு வட்டம் ஒருமுறை கூடியபோது, 2009இல் முடிந்த போரைப் பற்றிப் பேச நேர்ந்தது. வரலாற்றின் நியதி, தவிர்க்கவியலாத முரண்பாடு, அதற்கு மக்கள் கொடுக்கவேண்டியிருந்த விலை என்றெல்லாம் நாம் நெடுநேரம் பேசினோம். பேச்சு நன்றாக அமைந்தது என்றுகூட எண்ணினோம். முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த தோழனொருவன் இடைநடுவில் எழுந்தான். கதிரையைச் சத்தமின்றித் தள்ளிவைத்துவிட்டு வெளியேறினான். பிறகு அவன் வட்டத்துக்கு வரவேயில்லை. ‘ஆண்டவருடைய சித்தம்’ என்ற இடத்தில் நாம் ‘வரலாற்றின் தீர்ப்பு’ என்று வைத்திருந்தோம், அவ்வளவே வேறுபாடு. களிமண் கேள்வி கேட்கலாகாது என்பதில் நாமும் பிரசங்கியாரும் ஒன்றுபட்டிருந்தோம். வரலாற்றை இயக்குபவர் மக்களே என்று மேடையிற் சொல்பவன், அம்மக்களின் சாவை நியதியென்று சொல்லித் தப்பலாகாது.

மாணவியின் கேள்விக்கு நேரே மறுமொழி சொல்லும் பகுதி லூக்காவின் 13ஆம் அதிகாரத்தில் இருந்தது. நாம் அதனைக் கண்டது பல நாட்கள் படித்தபின்னரே. கலிலேயர் சிலர் பலிசெலுத்திக்கொண்டிருந்த வேளையில் பிலாத்து அவர்களைக் கொல்வித்தான் என்ற செய்தியைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். வழிபாட்டில் இருந்தோர் ஆயுதத்தால் மாண்ட செய்தி அது. அவர்கள் மற்றக் கலிலேயரைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களா எனக் கேட்டு, இல்லை என்று இயேசுவே மறுமொழியும் சொல்கின்றார். அடுத்து, சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்ததை அவராகவே நினைவூட்டி, அவர்களும் எருசலேமின் மற்றையோரைவிடக் குற்றவாளிகளல்லர் என்கின்றார். முதலாவது மனிதன் செய்த கொலை. இரண்டாவது எதிர்பாராத விபத்து. எமக்கு 2019உம் 2004உம் நினைவுக்கு வந்தன. இறந்தவர் மேல் தீர்ப்புச் சொல்லும் கதவை இயேசு இரண்டு முறை அடைத்துவிடுகின்றார். தீர்ப்பைப் பற்றிப் பேசாமல் விடுகின்றாரா? அதுவுமில்லை. நீங்கள் மனந்திரும்பாவிட்டால் உங்களுக்கும் அழிவே என்று, செய்தி கொண்டுவந்தவர்களின் பக்கம் அதனைத் திருப்புகின்றார். அதன்பின் ஓர் உவமை: மூன்றாண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடு என்கிறான் தோட்டத்துக்காரன், இன்னும் ஓராண்டு விடும், சுற்றிக் கொத்தி எரு இடுகிறேன் என்று வேலைக்காரன் மன்றாடுகின்றான்.

தீர்ப்பு உயிரோடிருப்பவர்களை நோக்கியது என்பதை இந்நாட்டில் நாம் கவனமாகக் கற்றல் வேண்டும். கடவுளின் தீர்ப்பு என்று சொன்ன மாத்திரத்தே மனிதர் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றனர். 2004இல் சுமாத்திராவின் அருகே எழுந்த அலை எமது கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லாதிருந்தமையால் அந்த இரண்டு மணித்தியாலமும் வீணாயிற்று. இது பாவத்தின் கணக்கன்று; கரையில் வாழ்ந்த ஏழைகளின் உயிருக்கு உலகம் கொடுத்த விலையின் கணக்கு. 2019இல் முன்னெச்சரிக்கைகள் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் இழப்பீடு செலுத்தவேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் களிமண் கேட்ட கேள்வியே.

அடுத்த தவணையில் அந்த மாணவியை ஆசிரியர் அறை விறாந்தையில் நிறுத்தி, அன்று மறுமொழி சொல்லாமல் விட்டது எமது பிழை என்று கூறினோம். லூக்காவின் அப்பகுதியை விளக்கினோம். அவள் எம்மைவிட அந்நூலை நன்கறிந்தவள். எனினும் பொறுமையோடு கேட்டாள். இறுதியில் ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப, செத்தவையிலை பிழை இல்லை. என்ன சேர்?”

“இல்லை,” என்றோம்.

அவள் தலையசைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

நாம் இன்னும் விசுவாசியல்லோம். பிஞ்சுகள் ஏன் இறக்கின்றன என்ற கேள்விக்கு மறுமொழி எமக்கு வேதாகமத்திலும் கிடைக்கவில்லை, வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆயினும் அக்கேள்வியைக் கேட்டவரின் வாயை அடைப்பவர் வேதத்தின் பக்கம் நிற்கவில்லை என்பதை அறிந்துகொண்டோம். முகாமில் அன்று நாம் பதினான்கு வயதுப் பையன். மூதாட்டிக்கு அருகே சென்று இருக்கவேனும் எமக்குத் தோன்றவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகளாயின. ஆசிரியராயிருக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து இவ்வாறு கேட்குமாயின், அது எமது பாடமன்று என்று சொல்லாதீர்கள். சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பிள்ளை கேட்டு முடியும்வரை நில்லுங்கள்.